பொழுது போகாத ஊரில் ஒரு கொலை

கேள்வி இதுதான்: வேலையில்லாத கிராமத்துப் பையன்கள் இனவெறுப்பில் போய் விழுவதைப் பிரெஞ்சு யதார்த்தப் படங்கள் சில காட்டுகின்றன. ஒரு வேலை கிடைத்திருந்தால் அந்தப் பையன்கள் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள் என்றுதான் அந்த இயக்குநர்கள் சொல்ல வருகிறார்களா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் சொல்லும் படங்களும் உண்டு, ஆனால் அவை நினைவில் நிற்பதில்லை. நிற்கிற படங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. எதுவுமே நடக்காத ஒரு வாழ்க்கையில், வெறுப்பு ஒன்றுதான் 'நடக்கிற' விஷயமாக ஆகிவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து செய்யக்கூடியது, செலவில்லாதது, யாரும் கற்றுத்தர வேண்டாதது. நான் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் ஒரு படத்தை வைத்தே இதை விளக்குகிறேன்: ப்ரூனோ துமோன் 1997-இல் எடுத்த முதல் முழுநீளப் படமான 'லா வீ த ஜெஸூ'. தமிழில் 'இயேசுவின் வாழ்க்கை'.

தலைப்பைப் பார்த்துவிட்டு பக்திப் படம் என்று எண்ண வேண்டாம். 1863-இல் எர்னெஸ்ட் ரெனான் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பு அது. படத்தில் இயேசு வருவதே இல்லை. வருவது ஃப்ரெடி என்ற இருபது வயதையொட்டிய பையன். அம்மா ஒரு சின்ன கஃபே நடத்துகிறாள். இவனுக்கு வேலை இல்லை, வலிப்பு நோய் உண்டு. ஒரு மொபெட் இருக்கிறது. மரீ என்ற காதலி இருக்கிறாள், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அப்புறம் நான்கு நண்பர்கள். படம் முடியும்போது இவன் ஓர் அரபு இளைஞனைக் கொன்றிருக்கிறான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பையோல் என்ற அந்த ஊர் பிரான்ஸின் வட கோடியில், ஃபிளாண்டர்ஸ் பகுதியில், பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. துமோன் 1958-இல் பிறந்த ஊரும் அதுவே. 1918-இல் முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் குண்டுவீச்சில் கிட்டத்தட்ட முழுவதும் இடிந்துபோய், பிறகு பழைய ஃபிளாண்டர்ஸ் பாணியில் செங்கல்லால் திரும்பக் கட்டப்பட்டது. பார்க்க அழகான ஊர். தெரு சுத்தமாக இருக்கும், சுற்றிலும் பச்சை வயல். சேரியோ குப்பைமேடோ உடைந்த அடுக்குமாடியோ படத்தில் கிடையாது. ஒழுங்காகத் தெரியும் ஓர் ஊருக்குள்தான் இவ்வளவு வெறுமையும் இருக்கிறது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சலிப்பு என்றால் நாம் உடனே இடிபாட்டைக் கற்பனை செய்துகொள்கிறோம். துமோன் நமக்கு அந்த வசதியைத் தரவில்லை.

வேலை எங்கே போனது என்று படம் விளக்காது. வெளியே தெரிந்த வரலாறுதான். பக்கத்து ஊரான ஆர்மாந்தியேர் லினன் துணிக்குப் பேர்போனது. கொஞ்சம் தள்ளியிருக்கும் ரூபேயும் தூர்குவேங்கும் கம்பளி ஆலைகளால் வாழ்ந்தவை. தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள். ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் உவாஞி என்ற இடத்தில் மூடப்பட்டது. படம் எடுக்கப்பட்ட காலத்தில் பிரான்ஸ் முழுவதிலுமே வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த கணக்கில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள், இளைஞர்களிடையே அது இரண்டு மடங்கையும் தாண்டியது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1988-இல் அரசு கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உதவித்தொகை, குழந்தை இல்லாதவராக இருந்தால் 25 வயது நிரம்பினால்தான் அன்று கிடைத்தது. அதாவது ஃப்ரெடி வயதுப் பையனுக்கு அது கிடையாது. அம்மா வீட்டில், அம்மா போடும் சாப்பாட்டில், தன் வாழ்க்கை தொடங்குவதற்காகக் காத்திருக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் இப்படித் தேங்கிக் கிடப்பதைப் பிரெஞ்சு இளைஞர்கள் 'கலேர்' என்பார்கள். அடிமைகள் துடுப்புப் போட்ட பழைய கப்பலின் பெயர் அது. 1987-இல் சமூகவியலாளர் ஃப்ரான்சுவா துபே இந்த நிலையைப் பற்றி எழுதிய நூலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்.

சரி, படத்துக்கு வருவோம். இதில் யாரும் 'எனக்குப் பொழுதே போகவில்லை' என்று புலம்புவதில்லை. சலிப்பைத் துமோன் பேச்சில் வைக்காமல் நேரத்திலும் உடம்பிலும் வைக்கிறார். பையன்கள் மொபெட்டில் கிளம்புகிறார்கள், வயல்களுக்கு நடுவே போகிறார்கள், திரும்பி வருகிறார்கள். போன இடத்தில் ஒன்றுமில்லை, வந்த இடத்திலும் ஒன்றுமில்லை. அகலத்திரையில் எடுத்திருக்கிறார். வானமும் வயலும் பெரிதாக விரிந்து கிடக்க, அதற்குள் இந்த வண்டிகள் பூச்சிகள் மாதிரி ஊர்கின்றன. என்ஜின் இரைச்சல் மட்டும் ஊரையே நிரப்புகிறது. தாங்கள் இருக்கிறோம் என்பதை ஊருக்குச் சொல்ல அவர்களிடம் உள்ளது அந்த இரைச்சல் ஒன்றுதான். முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரத்திலேயே எனக்குள் ஒரு பொறுமையின்மை வந்தது. ஏதாவது நடக்கக்கூடாதா என்று மனசு கேட்டது. பிறகு நடந்தது என்ன என்று பார்த்தபோது, அப்படி ஆசைப்பட்டதற்காகக் கூசிப்போனேன். துமோன் மெதுவாக எடுக்கிறார் என்று குறை சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். அந்த மெதுவை நாம் அனுபவித்தால்தான், அந்தப் பையன்களை எது இழுக்கிறது என்பது நமக்கு உள்ளிருந்து புரியும்.

ஃப்ரெடி மந்தமானவன், உணர்ச்சியற்றவன் என்று எழுதிய விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன் ஒரு ஃபிஞ்ச் குருவி வளர்க்கிறான். பாட்டுப் போட்டிக்கான குருவி. ஃபிளாண்டர்ஸில் இது நூற்றாண்டுகளாக உள்ள பழக்கம். குருவிக் கூண்டுகளைத் தெருவோரம் வரிசையாக வைப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் எந்தக் குருவி அதிக முறை முழுப்பாட்டாகப் பாடுகிறதோ அதற்கு வெற்றி. ஒவ்வொரு பாட்டுக்கும் நீண்ட குச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு. பாட்டு அரைகுறையாக நின்றால் கணக்கில்லை. ஆகவே கூர்ந்து கேட்க வேண்டும். வலிப்பு வரும், படிப்பு இல்லை, வேலை இல்லை என்று ஊர் ஒதுக்கிய அந்தப் பையன், குருவி முன்னால் உட்கார்ந்தால் அத்தனை பொறுமையாக இருக்கிறான். கவனம், அன்பு, பெருமை எல்லாம் அவனுக்குள் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஊரில் கிடைத்த இடம் ஒரு கூண்டளவுதான். இதே ஃபிளாண்டர்ஸில் ஒரு காலத்தில், வெளிச்சம் கவனத்தைக் கலைக்காமல் நிறையப் பாட வேண்டும் என்று குருவிகளின் கண்ணைச் சூட்டு ஊசியால் பொசுக்கினார்களாம். படத்தில் அது இல்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு மரணம் வருகிறது. நண்பன் மிஷூவின் அண்ணன் எய்ட்ஸ் நோயால் ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருக்கிறான். பையன்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். என்ன சொல்வது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. சுவரில் இயேசு லாசருவை உயிர்ப்பிக்கும் ஓவியத்தின் படம் தொங்குகிறது. சாவைப் பார்த்துப் பயம், துக்கம், இரக்கம் எல்லாம் அந்த அறையில் இருக்கின்றன. அவற்றைச் சொல்ல வார்த்தை மட்டும் இல்லை. மரீயிடம் அன்பைச் சொல்லவும் ஃப்ரெடிக்கு வார்த்தை கிடையாது. உடம்பால் மட்டுமே அவளை நெருங்கத் தெரிகிறது. இருவரும் நாற்காலி ரோப்காரில் மரங்களுக்கு மேலே மிதந்து போகும் காட்சி ஒன்று உண்டு. படத்திலேயே சந்தோஷம் என்று சொல்லக்கூடிய சில நிமிடங்கள் அவை. அங்கேயும் பேச்சு குறைவுதான்.

வார்த்தையே இல்லாத இந்தப் பையன்களிடம் ஒரு விஷயத்துக்கு மட்டும் வார்த்தைகள் சரளமாக இருக்கின்றன. அரபு மக்களை ஏசுவதற்கு! அம்மாவின் கஃபேக்கு ஓர் அரபுக் குடும்பம் வந்து உட்கார்கிறது. பையன்கள் உடனே கேலியில் இறங்குகிறார்கள். அவமானப்பட்டு அந்தக் குடும்பம் எழுந்து போகிறது. அந்த வீட்டு மகன்தான் காதர். (காதர் என்ற பெயர் நமக்கு எவ்வளவு பழக்கமானது என்பதால், தமிழில் யோசித்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த அவமானம் இன்னும் கிட்டத்தில் வந்து உறைக்கும்.) அந்தக் கேலியை அவர்கள் அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே காற்றில் இருந்தது. பெரியவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள் அவை. வட்டாரத்துச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் அல்ஜீரியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1960களிலும் 70களிலும் மொரோக்கோவிலிருந்து பல்லாயிரம் பேரைச் சுரங்க நிர்வாகமே போய் அழைத்துவந்தது. வேலை இருந்தவரை உழைக்க வந்தவர்கள், வேலை போனபின் வேண்டாதவர்கள் ஆனார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காதர் ஃப்ரெடியின் வேலையைப் பறிக்கவில்லை. பறிப்பதற்கு அங்கே வேலையே இல்லை. 'அவர்கள் வந்து நம் பிழைப்பைக் கெடுத்தார்கள்' என்ற வாதம்கூட இந்தப் பையன்கள் வாயில் வருவதில்லை. அந்த அளவுக்குக்கூட அவர்கள் யோசிக்கவில்லை.

அரசியல் கட்சி எதையும் படம் பெயர் சொல்லி இழுக்கவில்லை. அது வெளியே கொதித்துக்கொண்டிருந்த காலம். 1995 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், குடியேறியவர்களை எதிர்த்த தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் ழான் மரீ லெ பென் 15 சதவீத வாக்கு வாங்கினார். அதே வருடம் தூலோன், ஒராஞ், மரிஞான் ஆகிய ஊர்களில் அவர் கட்சிக்காரர்கள் மேயர் ஆனார்கள். அந்த மே மாதம் முதல் தேதி, அக்கட்சி ஊர்வலத்திலிருந்து பிரிந்து வந்த சிலர் பாரிஸில் ஒரு மொரோக்கோ இளைஞரை சேன் நதியில் தள்ளினார்கள், அவர் மூழ்கி இறந்தார். இந்த நேரத்தில் ஒரு சுவரொட்டியைக்கூடக் காட்டாமல் படம் எடுத்தது தப்பித்தல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது துணிச்சலாகப் படுகிறது. சுவரொட்டியைக் காட்டியிருந்தால், குற்றத்தைச் சுவரொட்டி மேல் போட்டுவிட்டு நாம் எழுந்து போயிருப்போம்.

தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு நேரான பதில் படத்தின் சம்பவ வரிசையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் முதல் பெரிய கொடுமைக்கு ஆளாவது காதர் இல்லை. ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பையன்கள் வாசிக்கிறார்கள். அதில் அணிவகுத்து ஆடும் ஒரு பருமனான பெண்ணை, இவர்கள் சேர்ந்து பாலியல் ரீதியாக அவமானப்படுத்துகிறார்கள். அவள் அதே ஊர்க்காரி, வெள்ளைக்காரி, அவர்களில் ஒருத்தி. பிறகு அவள் அப்பா வந்து கேட்கும்போது, தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்பதே அந்தப் பையன்களுக்கு முழுதாக உறைக்கவில்லை. ஆக, கை முதலில் ஓங்கியது தங்களைவிடத் தாழ்வாக ஒருத்தியைப் பிடித்து நிறுத்துவதற்காக. இனவெறுப்பு அந்தத் தேவைக்கு ஊர் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த இன்னொரு முகவரி. அந்தப் பெண் கிடைத்தபோது அவள், காதர் கிடைத்தபோது காதர்.

மரீ ஃப்ரெடியிடமிருந்து விலகி, தன்னிடம் விடாமல் பேச முயலும் காதர் பக்கம் மெல்லத் திரும்புகிறாள். ஃப்ரெடிக்கு எரிகிறது. இதைப் பொறாமைக் கொலை என்று மட்டும் சொல்லிவிடலாமா? மரீ வேறொரு ஊர்ப்பையனோடு போயிருந்தால் ஒரு கைகலப்போடு முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காதராக இருந்ததால், நாலு பேரும் சேர்ந்து அதைத் தங்கள் விவகாரமாக எடுத்துக்கொள்ள முடிந்தது. தனிமனித வலி கூட்டத்தின் வேலையாக மாறுகிற இடம் அது. கொலைக் காட்சி நீளமில்லை, இசையில்லை, வீரமில்லை. ஒரு பையன் தரையில் கிடக்கிறான், ஃப்ரெடி உதைக்கிறான்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதிகம் பேசப்படாதது. இந்தப் படத்தில் சம்பாதிப்பவர்கள் பெண்கள். அம்மா கஃபே நடத்துகிறாள், மரீ பில் போடுகிறாள். பையன்கள் வண்டி ஓட்டுகிறார்கள். பிரெஞ்சுக் கிராமப்புற இளைஞர்களோடு பழகி எழுதிய சமூகவியலாளர்கள் இதைப் பிறகு விரிவாகப் பதிவு செய்தார்கள். நிக்கோலா ரெனாஹி 2005-இலும் பெனுவா கோக்கார் 2019-இலும் எழுதிய நூல்கள் முக்கியமானவை. கோக்கார் தன் நூலுக்கு வைத்த தலைப்பே 'தங்கிவிட்டவர்கள்' என்ற பொருள் தருவது. படித்த பெண்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், பையன்கள் தங்கிவிடுகிறார்கள். தொழிற்சாலை இருந்தபோது ஒரு பையன் ஆம்பளையாவதற்கு ஒரு வழி இருந்தது: அப்பாவோடு போய் அதே வாசலில் நுழைவது, முதல் சம்பளம், கல்யாணம். அந்த வழி அடைபட்டதும் நண்பர் கூட்டமே குடும்பம், அதுவே மதிப்பு. அந்தக் கூட்டத்தில் தன் இடம் போய்விடக்கூடாது என்பதற்காக ஒருவன் தனியாக இருந்தால் செய்யவே செய்யாததைச் செய்வான். ஃப்ரெடியின் நண்பர்கள் முகத்தைப் பாருங்கள். வெறி இல்லை. ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வதுதான் இருக்கிறது.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு மூதாதை உண்டு. லூயி மால் 1974-இல் எடுத்த 'லகோம்ப் லூசியன்'. எழுத்தில் உடன் இருந்தவர் பின்னாளில் நோபல் பெற்ற பாட்ரிக் மோதியானோ. 1944, தென்மேற்கு பிரான்ஸ். பதினேழு வயதுக் கிராமத்துப் பையன் லூசியன் முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறான். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் ஜன்னல் வழியாகக் கவண்கல்லால் ஒரு குருவியை அடித்து வீழ்த்துகிறான். ஜெர்மானியரை எதிர்க்கும் படையில் சேரப் போகிறான், சின்னப் பையன் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஓர் இரவு சைக்கிள் டயர் பஞ்சராகி, ஜெர்மானியருக்கு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கியிருக்கும் ஹோட்டல் வாசலில் வந்து நிற்கிறான். அங்கே மதுவும் துப்பாக்கியும் மரியாதையும் கிடைக்கின்றன. அவ்வளவுதான், அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டான். யூதர்களைப் பற்றி அவனுக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. ஒரு யூதப் பெண்ணையே நேசிக்கிறான், அதேசமயம் அவள் குடும்பத்தை மிரட்டுகிறான். ஒரு பஞ்சரில் தீர்மானமாகிற துரோகத்தைக் காட்டியதற்காக மால் பிரான்ஸில் கடுமையாகத் திட்டு வாங்கினார். லூசியனாக நடித்த பியேர் ப்ளேஸ் அந்தப் பகுதியின் கிராமத்துப் பையன். மறுவருடமே கார் விபத்தில் இறந்துபோனார்.

நகரப் பக்கம் திரும்பினால் இந்தச் சலிப்பு வேறு மாதிரி இருக்கும். 1995-இல் வந்த மத்தியூ கசோவிட்ஸின் 'லா என்' ('வெறுப்பு') படத்தில் பாரிஸ் புறநகர்ப் பையன்கள் ஓயாமல் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், கதை விடுகிறார்கள். அவர்களுக்கு எதிரில் போலீஸ் என்ற ஒரு தெளிவான எதிரி உண்டு. நம்மவர்கள் பலர் பார்த்திருக்கும் ழாக் ஓதியாரின் 'தீபன்' (2015, கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப் பனை வென்றது) அதே மாதிரியான புறநகரை ஈழத்து அகதியின் கண்ணால் காட்டியது. ஷோபாசக்தி நடித்த அந்தப் பாத்திரம் போதைமருந்து விற்றுக்கொண்டு நிற்கும் பையன்களைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். கிராமத்துப் பையன்களுக்கு எதிரில் போலீஸும் இல்லை, பத்திரிகைக்காரனும் இல்லை. யாரும் அவர்களைப் பார்ப்பதே இல்லை.

துமோன் மேல் எனக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. காதரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவன் என்ன படித்தான், எதற்குச் சிரிப்பான், அவன் வீடு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. கொன்றவனின் உள்மூச்சுவரை கேட்கவைக்கும் படம், கொல்லப்பட்டவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஊர் அவனை அப்படித்தான் பார்த்தது, அதனால் படமும் அப்படிக் காட்டுகிறது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

இன்னொரு குறை, நடிகர்களைப் பற்றியது. துமோன் அந்த வட்டாரத்து மக்களையே நடிக்க வைத்தார், தொழில்முறை நடிகர்கள் இல்லை. அவர்கள் முகம், உச்சரிப்பு, நடை எல்லாம் படத்தின் உயிர். ஆனால் வடக்கத்திய ஏழைகளை விநோதப் பிராணிகள் மாதிரி பாரிஸுக்குக் காட்டுகிறார் என்ற கோபமும் கூடவே வந்தது. 1999-இல் அவருடைய அடுத்த படமான 'லுமானிதே' கான் விழாவில் இரண்டாம் பெரிய விருதான கிராண்ட் ப்ரீயும் இரண்டு நடிப்பு விருதுகளும் வாங்கியபோது அந்தக் கோபம் அரங்கத்திலேயே கேட்டது. 2022-இல் லீஸ் அகோக்காவும் ரோமான் கெரேவும் எடுத்த 'லே பீர்' இந்த விஷயத்தையே கதையாக்கியது. வடக்கத்திய ஊரொன்றுக்கு ஒரு சினிமாக் குழு வருகிறது, 'மோசமான' பிள்ளைகளாகப் பார்த்து நடிக்கத் தேர்ந்தெடுக்கிறது, ஊர்க்காரர்கள் ஏன் இதுகளை மட்டும் காட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். 'லா வீ த ஜெஸூ' பார்த்தவர்கள் இதையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காதர் இறந்துவிட்டான் என்று போலீஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். ஃப்ரெடி அங்கிருந்து ஓடுகிறான். வயலில் புல்லுக்குள் விழுந்து கிடக்கிறான். உடம்பில் எறும்பு ஊர்கிறது. வானத்தில் மேகம் விலகி வெயில் அடிக்கிறது, அவன் அழுகிறான். இது மன்னிப்பு என்றும் அருள் என்றும் சிலர் எழுதினார்கள், தலைப்பு அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் முழுக்க அவன் ஓடிக்கொண்டே இருந்தான். இப்போதுதான் முதல் தடவையாக அசையாமல் கிடக்கிறான், எறும்பைப் பார்க்கிறான், வானத்தைப் பார்க்கிறான். குருவி முன்னால் உட்கார்ந்தபோது இருந்த அதே கவனம் அவன் முகத்தில் திரும்ப வருகிறது. அடுத்த முறை பார்க்கும்போது அந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் காதர் கிடக்கிறான்.